எங்கள் நாய் ராஜாவை இணை சேர்க்கலாமா? ஆலோசனை வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடமைப்புத் தாமானில் இருக்கிறேன். எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் ராஜாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் தன் பெட்டை நாயோடு இணை சேர்க்கக் கேட்கிறார். பதிலுக்கு ஒரு குட்டி தருவாராம்.

அப்பாவுக்கு ஆசை. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ராஜா ஓடும்போது அவ்வளவு கம்பீரம். ஆனால் படுத்து எழும்போது முன்னங்காலை அழுத்தி ஊன்றி, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டுதான் எழுகிறான். இந்த இனத்தில் இடுப்பு மூட்டு நோய் அதிகம், குட்டிகளுக்கும் பரம்பரையாகப் போகும். எக்ஸ்ரே பார்க்காமல் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் புருசெல்லா கிருமி. இணை சேரும்போதே தொற்றும், பெட்டைக்குக் கரு கலையும், மனிதருக்கும் வரலாம். இரண்டு நாய்க்கும் ரத்தப் பரிசோதனை செய்வோம் என்றால், "தோட்டத்து நாய்க்கு எதற்கு இதெல்லாம்" என்கிறார் அந்த அண்ணன்.

சுமார் 63 நாளில் குட்டி போட்டுவிடும். எட்டு, பத்து பிறந்தால் யார் எடுப்பது? தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகள் பக்கம் ஏற்கெனவே கொண்டுவந்து விட்ட நாய்கள் எலும்பும் தோலுமாகத் திரிகின்றன.

ஈப்போ பக்கம் நாய்க்கு இடுப்பு எக்ஸ்ரே எடுக்கும் கிளினிக் தெரிந்தால் சொல்லுங்கள். எத்தனை ரிங்கிட் ஆகும்? ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தவர்கள், அதன் குணம் மாறியதா என்றும் எழுதுங்கள். அந்த அண்ணன் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்பதற்கும் ஒரு வழி வேண்டும்.