பழைய வெப்லியா, புது ரிவால்வரா? வைத்திருப்பவர்களின் அனுபவம்

பொள்ளாச்சியிலிருந்து:

அப்பா வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு லைசென்ஸ் என் பேருக்கு மாற ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை ரிவால்வர் துப்பாக்கிக் கடையில் டெபாசிட்டாகக் கிடந்தது. இங்கிலாந்துக் கம்பெனி வெப்லி அண்ட் ஸ்காட் செய்தது, மார்க் 4, .32 போர் (குழல் துளையின் அளவு). குழலில், சுட்டுச் சோதித்ததற்கான பர்மிங்ஹாம் முத்திரை: கிரீடம், அதன் கீழ் என்.பி. என்று பொடி எழுத்து.

அப்பா அதைத் தோல் உறையோடு பீரோவில் வைத்துப் பழகியவர். அதுதான் வினை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வால்பாறை மழையைச் சொல்லவே வேண்டாம். உறை பட்ட பக்கமெல்லாம் நீலப் பூச்சு போய், பூரான் ஊர்ந்த தடம் மாதிரி துருக்குழி. தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்றார் ஒரு மெக்கானிக். நல்லவேளை, வேண்டாம் என்றேன். தேய்த்தால் முத்திரையும் சேர்ந்து மங்கிவிடும். அப்புறம் சேகரிப்பவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி.

போன மாதம் ரைபிள் கிளப்பில் நண்பரின் ‘பிரபல்’ ரிவால்வரைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் சுட்டுப் பார்த்தோம். பிரபல் 2023இல் கான்பூரில் வெளிவந்தது; தோட்டா போடும் உருளையான சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். என்னுடையது மடிப்பு ரகம். தாழைக் கட்டைவிரலால் தள்ளிக் குழலை மடக்கினால், நடுவிலிருந்து நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு காலித் தோட்டாவையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளும். அந்தக் காட்சிக்காகவே இன்னும் ஆறு சுடலாம் போலிருக்கும்! ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தி) இழுத்து வைத்துச் சுட்டால் ட்ரிகர் வெண்ணெய். ஆனால் முன்குறி மெல்லிய தகடு, என் ஐம்பத்திரண்டு வயசுக் கண்ணுக்கு அது இலக்கின் கரும்புள்ளியோடு கலந்துவிடுகிறது. நண்பருடையதில் குறி பளிச்சென்று தெரிந்தது. என் தோட்டாக்கள் நடுவில் சேர்ந்து விழுந்ததும் அதில்தான்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் போட்டது ஒரே பெட்டித் தோட்டா. .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெசன்) லாங், 1896இல் அமெரிக்காவில் பிறந்த ரகம். புது ரிவால்வர் என்று நாம் சொல்வதும் கொள்ளுத்தாத்தா காலத்துத் தோட்டாவைத்தான் தின்கிறது.

திருச்சியிலிருந்து:

அண்ணே, உங்களுக்கு வீட்டுச் சொத்தாக வந்தது. நான் காசு கொடுத்து ஏமாந்தவன். 1980களின் நடுவில் போட்டி வீரர்களைத் தவிர மற்றவர்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றது. அதற்கு முன் உள்ளே வந்ததுதான் இன்னும் கைமாறிச் சுற்றுகிறது. அதனால்தான் அந்த விலை, தரத்தால் மட்டும் இல்லை. நான் பேரைப் பார்த்து ஒரு பழைய வெளிநாட்டு ரிவால்வர் வாங்கினேன். முதல் நாளே பக்கத்தில் நின்ற தம்பியின் கன்னத்தில் ஈயத் துணுக்கு தெறித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. சிலிண்டர் துளையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்கவில்லை. தோட்டா ஓரத்தில் சீவப்பட்டு, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியே துணுக்கு பறந்திருக்கிறது.

இப்போது யார் கூப்பிட்டாலும் நான் பார்க்கிற முறை இது: முதலில் காலியா என்று இரண்டு தரம் பார்ப்பேன். ஹேமர் விழும் வரை ட்ரிகரை மெதுவாக அழுத்தி, விடாமல் பிடித்தபடியே சிலிண்டரை விரலால் அசைப்பேன். கடகடவென்று ஆடினால் எழுந்து வந்துவிடுவேன், டீகூடக் குடிக்கமாட்டேன். மடிப்பு ரகம் என்றால் குழலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, கீலும் தாழும் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து:

எங்கள் வீட்டில் மூன்று இருந்தன: பன்னிரண்டு போர் இரட்டைக் குழல், ஒரு பழைய ரிவால்வர், கான்பூரில் செய்த .32 ரிவால்வர். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் ஆளுக்கு இரண்டுதான் என்று ஆனது. பழைய ரிவால்வரில் ஹேமரை அடிக்க வைக்கும் வி வடிவ மெயின்ஸ்பிரிங் ஏற்கெனவே உடைந்திருந்தது. லேத் பட்டறையில் கொடுத்துச் செய்யவும் முடியாது, துப்பாக்கி பழுதுபார்க்க அவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டும். அதனால் மூன்றில் அதைத்தான் ஒப்படைத்தேன். அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

வெப்லி பேர்தான் வேண்டும் என்றால் அண்ணா, இப்போது உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில், சண்டீலாவிலேயே செய்கிறார்கள். ஸ்பிரிங் பயம் இல்லாமல் சுடலாம். பர்மிங்ஹாம் கிரீடம் மட்டும் இருக்காது.

பொள்ளாச்சியிலிருந்து, மறுபடியும்:

தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டு மெயின்ஸ்பிரிங்கை டார்ச் அடித்துப் பார்த்தேன், இதுவரை விரிசல் இல்லை. நேற்று தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்தாயிற்று. ரசீதில் எழுத்தர் எழுதியது: ‘.32 ரிவால்வர் 1, பழையது.’ தோல் உறையையும் கேட்டார். உறை இல்லை சார் என்று சொல்லி, எண்ணெய்த் துணியில் சுற்றியே கொடுத்துவிட்டு வந்தேன்.