ஆறில் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்கு (ஒவ்வொரு முறையும் சுத்தியலை விரலால் ஏற்றிச் சுடும் வகை) இன்னொரு சிலிண்டர், அதாவது தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை, வாங்கினால், அதன் அச்சான பேஸ் பின்னை உருவி பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் துப்பாக்கி 1873 மாடல் அமைப்பில் செய்யப்பட்டது, .45 கோல்ட் தோட்டாவுக்கானது. அதே குழலில் .45 ஏசிபி என்ற தானியங்கிக் கைத்துப்பாக்கித் தோட்டாவையும் சுட வேண்டும் என்று அதற்கான சிலிண்டரை வாங்கினேன். இரண்டுக்கும் குண்டின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கோல்ட் தோட்டா அதன் அடிப்பக்க விளிம்பில் தாங்கி நிற்கும். விளிம்பில்லாத ஏசிபி தோட்டா உறையின் வாய்ப் பகுதியில் தாங்கும். அதனால்தான் சிலிண்டரில் தோட்டா நுழையும் அறைகளை வேறு விதமாகக் கடைகிறார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் வீட்டிலிருந்த தோட்டாக்கள் அத்தனையையும் வேறு அறையில் வைத்துப் பூட்டினேன். மேசைக்கு வந்தவை டம்மி தோட்டாக்கள் மட்டும். சுத்தியலைப் பாதி ஏற்றத்தில் வைத்து, பக்கக் கதவைத் திறந்து, பின்னை இழுத்தால் சிலிண்டர் கையில் உருண்டு வந்துவிடும்.

புதியது துப்பாக்கியின் உடல் சட்டத்துக்குள் நுழையவே இல்லை. முன்பக்கம் நடுவில், பின் நுழையும் சிறு குழாயான புஷ், சட்டத்தில் முட்டியது. கண்ணாடித் தகட்டின் மேல் மிக நைசான எமரித் தாளை விரித்து, புஷ்ஷைத் தட்டையாக வைத்துத் தேய்த்தேன். நாலைந்து தடவை தேய்த்ததும் போட்டுப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. இங்கே அவசரம் ஆகவே ஆகாது. அதிகமாகத் தேய்ந்துவிட்டால் அந்த அளவு முழுவதும் சிலிண்டரின் முன்பின் ஆட்டமாகிவிடும், அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. கடைசியில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன். 0.006 அங்குலம் இருந்தது. பொதுவாக 0.004 முதல் 0.008 வரை இருந்தால் நல்ல இடைவெளி என்பார்கள். ரொம்பக் குறைந்தால் கரி படிந்து சிலிண்டர் சுற்றவே திணறும்.

அப்புறம்தான் உண்மையான சோதனை. ஒவ்வோர் அறைக்கும் மார்க்கரால் எண் போட்டு, சுத்தியலை மெதுவாக, விரலால் உணர்ந்தபடி ஏற்றினேன். மூன்றாவது அறைவரை நன்றாகப் போனது. நான்காவதில் முழு ஏற்றத்துக்கு ஒரு மயிரிழை முன்பே சுத்தியல் நின்றுவிட்டது. ஐந்தும் ஆறும் சரி. ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு விட்டிருந்தால் இதைக் கைப்பிசகு என்று கடந்திருப்பேன். மூன்று முறை சுற்றியும் நான்காவது அதே இடத்தில்தான் நின்றது.

காரணம் இதுதான். சுத்தியலோடு சேர்ந்து மேலேறும் ‘கை’ என்ற சிறு உறுப்பு, சிலிண்டரின் பின்னாலுள்ள ராட்செட் பல்லைத் தள்ளித்தான் அதைச் சுற்றுகிறது. சரியான இடம் வந்ததும் கீழிருந்து பூட்டு நாக்கு எழும்பிப் பள்ளத்தில் விழும். நான்காவது பல் கொஞ்சம் உயரம். அதனால் பூட்டு விழுந்த பிறகும் கை தள்ளிக்கொண்டே இருந்தது, சுத்தியலுக்கு மேலே போக வழியில்லை. பலம் கொடுத்து இழுத்தால் பூட்டுப் பள்ளத்தின் விளிம்பு நசுங்கிப்போகும்.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கையை அரத்தால் ராவினால் உடனே சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் அந்தக் கை பழைய சிலிண்டருக்கும் பொது. அதைத் தொட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த துப்பாக்கி கெட்டுவிடும். அதனால் புதிய சிலிண்டரின் அந்த ஒரு பல்லை மட்டும், அதுவும் கை உரசி மினுங்கிய இடத்தில் மட்டும், நைசான கல்லால் தேய்த்தேன். பத்துப் பதினைந்து தடவை கழற்றி மாட்டியிருப்பேன், பொழுதே போய்விட்டது. நேர்மாறாக, முழு ஏற்றம் வந்தும் பூட்டு விழாமல் இருந்திருந்தால் நான் கல்லையே எடுத்திருக்க மாட்டேன். அங்கே உலோகம் போதவில்லை, தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது. நீளமான கை வேண்டும், அது துப்பாக்கித் தச்சரின் வேலை.

தொழிற்சாலையிலேயே ஒரு துப்பாக்கிக்கென்று பொருத்தப்படும் இரண்டாவது சிலிண்டரைப் பாருங்கள். ருகர் நிறுவனம் துப்பாக்கி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை அதன் முகப்பிலேயே பொறித்துத் தருகிறது. ஒரு துப்பாக்கிக்குப் பொருந்தியது அதே மாடலில் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று அவர்களே நம்புவதில்லை.

மேசையில் ஆறும் சரியாகப் பூட்டினாலும் சுடத் துணியவில்லை. அறையும் குழலும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் நம்ப முடியாது. பிசகினால் குண்டின் ஈயம் சீவப்பட்டுப் பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். தச்சரிடம் கொண்டுபோனேன். குழல்வழியே அளவுக் கம்பியை விட்டு ஆறு அறைகளையும் பார்த்தார், தோட்டா தாங்கும் இடத்துக்கும் பின்சட்டத்துக்கும் உள்ள தூரமான ஹெட்ஸ்பேஸையும் கேஜ் வைத்து அளந்தார். எங்கும் முட்டவில்லை.

மறுவாரம் சுட்டேன். ஈயம் தெறிக்கவில்லை, நான்காவது அறையில் விரலுக்கு எந்தத் தடையும் தெரியவில்லை. ஏசிபி தோட்டாக்கள் மட்டும் கோல்ட் படும் இடத்துக்குச் சற்றுக் கீழே பட்டன. குறிமுள் அசையாத வகை என்பதால் எவ்வளவு மேலே பிடிக்க வேண்டும் என்பதைக் குறித்து, சிலிண்டர் வைத்திருக்கும் பைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.