தினமும் குளிப்பாட்டியும் குதிரைக்கு முதுகில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, என்ன செய்வது?

பாலாற்றங்கரை:
வணக்கம். பள்ளிகொண்டா பக்கம் எங்கள் ஊர். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு பெண் குதிரை வாங்கினோம். செம்பா என்று கூப்பிடுகிறோம். ஆறு வயது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மாதத்தில் இரண்டு மூன்று மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும், மற்ற நாளில் தென்னந்தோப்பில் நிற்கும். மாடு வளர்த்த வீடுதான் எங்களுடையது, குதிரை இதுதான் முதல்.

இரண்டு வாரமாக முதுகிலும் இடுப்பிலும் சின்னச் சின்னப் பொருக்கு. தொட்டால் முடியோடு சேர்ந்து கையில் வருகிறது, பெயிண்ட் பிரஷ் நுனி மாதிரி. அடியில் தோல் சிவந்து ஈரமாக இருக்கிறது. சேணம் வைத்தால் முதுகை நெளிக்கிறாள். ஐப்பசி மழை விடவேயில்லை, இருந்தாலும் நான் சுத்தத்தில் குறை வைக்கவில்லை. தினமும் காலையில் போர் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, வேப்பெண்ணெய் தடவிவிடுகிறேன். இவ்வளவு செய்தும் அதிகமாகிக்கொண்டே போகிறது. பார்க்கவே மனசு தாங்கவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

ஜட்கா வீடு:
தம்பி, எங்கள் தாத்தா வேலூரில் ஜட்கா ஓட்டியவர். அப்பாவும் கொஞ்ச நாள் ஓட்டினார். மூன்று கேள்வி கேட்கிறேன். குளிப்பாட்டிய பிறகு துடைத்துக் காயவைக்கிறாயா? பிரஷ்ஷோ விரிப்போ வேறு குதிரையோடு மாற்றிக்கொள்கிறாயா? கடைசியாக எப்போது குளம்பைத் தூக்கி அடியில் பார்த்தாய்?

பாலாற்றங்கரை:
அண்ணா, காயவைப்பது கிடையாது, அப்படியே கட்டிவிடுவேன். ஊர்வலத்துக்குப் போகும்போது சேணத்துக்கு அடியில் போடும் ஜரிகை விரிப்பு நண்பருடையது, அவரிடம் இரண்டு குதிரை இருக்கிறது. நீங்கள் கேட்டதும் போய்க் குளம்பைப் பார்த்தேன். பின்னங்கால் இரண்டிலும் அடியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கிறது, அழுகின நாற்றம். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

தோப்புக்காரர்:
மாட்டுக்குச் சொறி வந்தால் நாங்கள் பழைய இன்ஜின் ஆயில் தடவுவோம். இரண்டு நாளில் உதிர்ந்துவிடும், போட்டுப் பாருங்கள்.

கால்நடை மருத்துவர்:
இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். அது தோலை எரிக்கும். குதிரை பல்லால் கடித்துச் சொறிந்தால் வயிற்றுக்குள்ளும் போகும். மாட்டுக்கும் போடாதீர்கள் ஐயா.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மழைக்காலத்தில் வரும் டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியா தொற்று மாதிரி தெரிகிறது. தோல் நாள் கணக்கில் ஈரமாகவே இருந்தால் அது உள்ளே இறங்கும். தினமும் குளிப்பாட்டுவது மழையோடு மழையாகச் சேர்ந்துவிட்டது. அதன்மேல் எண்ணெய் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. ஆனால் படர்தாமரையும் ஏறக்குறைய இப்படித் தெரியலாம். அதனால் அரசு கால்நடை மருத்துவமனையில் பொருக்கைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே மனிதருக்கும் ஒட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை குளியல், எண்ணெய், சேணம் மூன்றையும் நிறுத்துங்கள். மழை படாத, காற்றோட்டமான கொட்டகையில் கட்டுங்கள். மருத்துவர் சரி என்றால் போவிடோன் அயோடினை வெளிறிய டீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து புண் உள்ள இடத்தில் மட்டும் ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். வலிக்கிற பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஊறித் தானாக வருவதைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், கொட்டகையில் போடக் கூடாது. காய்ச்சலும் பாருங்கள், சாதாரணமாக 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இருக்கும்.

இன்னொன்று, டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா? குதிரைக்கு அது மிகச் சுலபமாக வரும், குளம்பில் ஆணி குத்தினாலே போதும். போடவில்லை என்றால் இந்த முறையே கேட்டுப் போடுங்கள்.

ஜட்கா வீடு:
டாக்டர் சொன்னது அத்தனையும் சரி. புண் ஆறும் வரைக்கும் அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது. ஆறினதும் என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். உன் அக்கறை தெரிகிறது தம்பி, ஆனால் மாட்டுப் பழக்கத்தில் செய்கிறாய். குதிரைக்குத் தண்ணீரைவிடத் தேய்ப்புதான் முக்கியம்.

எங்கள் தாத்தா வண்டியை அவிழ்த்ததும் தண்ணீர் ஊற்றமாட்டார். வைக்கோலை இறுக்கமாக முறுக்கி, கை கொள்ளும் அளவுக்கு ஒரு பிரி செய்வார். வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், அந்தப் பிரியால் கழுத்திலிருந்து பின்பக்கமாக அழுத்தித் தேய்ப்பார். அரை மணி நேரத்தில் தோல் பளபளவென்று வரும். இப்போது ரப்பர் சீப்பு கிடைக்கிறது. இடது பக்கக் கழுத்தில் ஆரம்பித்து வட்ட வட்டமாகத் தேய், அழுக்கும் செத்த முடியும் மேலே வரும். பிறகு கடினமான பிரஷ்ஷால் முடி படிந்த திசையில் தட்டிவிடு. கடைசியில் மெல்லிய பிரஷ். முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் ரப்பர் சீப்பு படக் கூடாது, அங்கெல்லாம் எலும்புதான். கண்ணுக்கு ஒரு ஈரத்துணி, வாலடிக்கு வேறு துணி. வாலை விரலால் பிரித்துவிடு, சீப்பைப் போட்டு இழுத்தால் அறுந்து போகும், திரும்ப வளர வருஷக் கணக்காகும்.

தேய்க்கும்போது ஒரு கை சும்மா இருக்கக் கூடாது, அது குதிரை மேலேயே தடவிக்கொண்டு போக வேண்டும். வார் பட்ட இடத்தில் சூடு, முள், உண்ணி, கணுக்கால் வீக்கம் எல்லாம் கண்ணைவிடக் கைக்குத்தான் முதலில் தெரியும். செம்பாவின் முதுகில் முதல் பொருக்கு வந்த அன்றே கையில் தட்டுப்பட்டிருக்கும்.

குளம்பு விஷயம் இன்னும் அவசரம். தோளோடு தோள் ஒட்டி, வால் பக்கம் பார்த்து நின்றுகொண்டு, கையைக் காலோடு கீழே இறக்கித் தூக்கு. நேர் பின்னால் நிற்காதே. அடியில் முக்கோணமாக மெத்தென்று ஒன்று இருக்கும், அதன் இரண்டு பக்கப் பள்ளத்தையும் மொட்டைக் கொக்கியால் குதிகாலிலிருந்து முனைப் பக்கமாக எடு. சாணியும் மூத்திரமும் ஊறிய தரையில் நிற்பதால் வரும் அழுகல் இது. தரை காயாமல் எந்த மருந்தும் நிற்காது. லாடக்காரர் வந்து எத்தனை நாள் ஆகிறது? ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும்.

அந்த இரவல் விரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நண்பரிடமும் விஷயத்தைச் சொல். அவர் குதிரைகளையும் பார்க்கட்டும்.

பாலாற்றங்கரை (பதினெட்டு நாள் கழித்து):
அண்ணா, டாக்டர் ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. பாக்டீரியாதான் என்று உறுதியானது. ஏழு நாள் ஊசி போட்டார்கள், டெட்டனஸ் ஊசியும் போட்டாயிற்று. நண்பரின் குதிரை ஒன்றுக்குத் தோளில் இதே பொருக்கு இருந்தது, அவரும் வைத்தியம் பார்க்கிறார். கொட்டகைத் தரையை மேடாக்கி மணல் கொட்டினேன். லாடக்காரர் வந்து அழுகலைச் சீவினார், நாற்றம் போய்விட்டது.

முதுகில் புண் காய்ந்து, குட்டை குட்டையாகப் புது முடி வருகிறது, கை வைத்தால் வெல்வெட் மாதிரி இருக்கிறது. அதைத் தொடாமல் கழுத்திலும் தோளிலும் மட்டும் தினம் சாயங்காலம் தேய்த்துவிடுகிறேன். பாதியிலேயே கண்ணைச் சொருகிக் கீழுதட்டைத் தொங்கவிட்டு நிற்கிறாள். கார்த்திகை முகூர்த்தத்துக்கு இரண்டு ஊர்வலம் கேட்டார்கள், வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். எப்போது சேணம் போடலாம்?

ஜட்கா வீடு:
அவசரப்படாதே தம்பி. முடி முழுசாக மூடட்டும், டாக்டரும் ஒருமுறை பார்க்கட்டும். பிறகு வெறும் விரிப்பை மட்டும் அரை மணி நேரம் போட்டு எடுத்து, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார். நெளிந்தாள் என்றால் இன்னும் ஒரு வாரம் விடு.