பொருள்: பிஃப்த் வீல் ஹிட்ச் – தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

செவ்வாய் காலை, கேட்பவர்

அனைவருக்கும் வணக்கம். ஓர் அவசரம். பிக்கப் வண்டிக்குப் பிஃப்த் வீல் ஹிட்ச் எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு கையேடு, நாற்பது பக்கம், மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. வெள்ளி மாலைக்குள் அனுப்ப வேண்டும். 38 பக்கம் முடித்துவிட்டேன், தலைப்பு மட்டும் முடியவில்லை.

பார்க்காதவர்களுக்காக: பிக்கப்பின் பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது அதற்குச் சற்று முன்னால், லாடம் போல ஒரு பக்கம் பிளந்த கனத்த இரும்புத் தட்டு ஒன்றைப் பொருத்துகிறார்கள். பின்னால் வரும் இழுவண்டியின் மூக்கு தொட்டிக்கு மேல் நீண்டு வரும். அதன் அடியில் தொங்கும் இரண்டு அங்குல முளை பிளவுக்குள் நுழைந்ததும், உள்ளே இருக்கும் தாடை அதைக் கவ்விக்கொள்ளும். வட அமெரிக்காவில் வீடு மாதிரி இருக்கும் பெரிய இழுவண்டிகளை இப்படித்தான் இழுக்கிறார்கள். பம்பருக்குக் கீழே குண்டு வைத்து மாட்டுவது வேறு சமாச்சாரம்.

முதலில் ‘ஐந்தாம் சக்கர இணைப்பி’ என்று போட்டேன். தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு, “ஒரு ஸ்டெப்னி மாட்டுவதற்கா இவ்வளவு கணக்கு?” என்றான். சொல் அங்கேயே படுத்துவிட்டது. உதவுங்கள்.

செவ்வாய் காலை, நிரலர் (கணினி நிரல் எழுதுபவர்)

பிஃப்த் வீல் என்றே எழுதிவிடுங்கள். பேருந்து என்று எழுதுகிறோம், பஸ் என்று சொல்லித்தான் ஏறுகிறோம். முடிந்தது வேலை.

செவ்வாய் மதியம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, உங்கள் தம்பி தவறாகப் புரிந்துகொள்ளவில்லை, தமிழ்ப் புத்தியோடுதான் புரிந்துகொண்டிருக்கிறார். நான்கு சக்கர வண்டியில் ஐந்தாவது ஒன்று இருந்தால் அது ஆபத்துக்கு உதவ வைத்ததாகத்தான் இருக்கும். உப்பு விற்கப் போன உமணர்கள் வண்டியின் கீழ்மரத்தில் ஓர் உதிரி அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். புறநானூறு 102-இல் ஔவையார் அதைச் ‘சேம அச்சு’ என்கிறார், அதியமான் மகன் பொகுட்டெழினிக்கே அதை உவமையாக்குகிறார். ஆகவே ஸ்டெப்னிக்குச் ‘சேமச்சக்கரம்’ என்று இன்றே முடிவு செய்துவிடலாம். ஸ்டெப்னி என்பதே வேல்சு நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருப்பெயர்தான். நாம் தெருவின் பெயரை டிக்கியில் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

இனி உங்கள் கேள்வி. சக்கரத்துக்குக் ‘கால்’ என்று பழைய பெயர் உண்டு. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் வருவது சக்கரம்தான். ‘ஐந்தாம்’ என்பதைச் சுருக்கி ‘ஐங்கால்’ என்றால் என்ன? ஐங்கால் இணைப்பு. வாய்க்குள் அடங்குகிறது.

செவ்வாய் மதியம், நிரலர்

ஐங்கால் என்றால் ஒன்றேகால், ஐயா.

செவ்வாய் இரவு, எந்திரப் பொறியாளர்

எண்ணிக்கையை வைத்துச் சொல் செய்யப் போனால் சிக்கல் தீராது. இந்தப் பெயர் குதிரை வண்டிக் காலத்தது. நான்கு சக்கர வண்டி திரும்ப வேண்டுமானால் முன் அச்சு தனியாகத் திரும்ப வேண்டும். அதற்காக முன் அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவில் ஒரு வளையத்தைப் படுக்கை வசமாக வைத்தார்கள். நின்று உருளும் சக்கரம் நான்கு, கிடந்து சுழலும் சக்கரம் ஒன்று. அப்படி வந்த பெயர் ஐந்தாவது. இன்று வளையமும் போய்விட்டது, லாடத்தட்டு வந்துவிட்டது. பெயர் மட்டும் பிடிவாதமாக இருக்கிறது. அவர்கள் மொழியிலேயே செத்துப்போன உருவகத்தை நாம் ஏன் பல்லக்கில் வைத்துச் சுமக்க வேண்டும்?

இதற்குத் தமிழில் பழைய சொல் கிடைக்காததற்கும் காரணம் உண்டு. நம் மாட்டுவண்டிக்குச் சக்கரம் இரண்டு, திரும்ப வேண்டும் என்றால் மாடு திரும்பினால் போதும். கோயில் தேருக்கு நான்கும் அதற்கு மேலும் உண்டு, ஆனால் அதன் அச்சு திரும்பாது. முட்டுக்கட்டை போட்டு, சறுக்க வைத்துத்தான் மூலையில் திருப்புகிறோம். நமக்கு வாய்த்த சொல் முட்டுக்கட்டை, அதை அரசியலுக்குக் கொடுத்துவிட்டோம்.

செவ்வாய் இரவு, தமிழாசிரியர்

நின்றது நான்கு, கிடந்தது ஒன்று. பெருமாள் கோயில் கணக்கு போல இருக்கிறதே. அருமை.

புதன் காலை, தனித்தமிழ் அன்பர்

‘சக்கரம்’ என்ற வடசொல்லை ஒருவரும் கேள்வி கேட்காமல் புழங்கிக்கொண்டிருப்பதைக் கவலையோடு பார்க்கிறேன். ஆழி, திகிரி, உருளி, வட்டு என்று நம்மிடம் எத்தனை! குயவர் சுற்றும் திகிரி கிடையாகவே கிடந்து சுழல்வது. பொறியாளர் சொன்ன இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. ‘கிடைத்திகிரி’. பிக்கப்புக்குப் ‘பொதியுந்து’. பிரேக்குக்கு ‘நிறுத்தி’. ஆக, ‘பொதியுந்துக் கிடைத்திகிரி இணைப்பி’.

புதன் காலை, நிரலர்

ஆட்டுக்கிடை ஞாபகம் வருகிறது. ஐந்தாம் சக்கரம் என்றபோது ஐந்தாம்படை ஞாபகம் வந்தது. என்னிடம்தான் கோளாறோ?

புதன் மதியம், பட்டறை வைத்திருப்பவர்

நான் படிப்பவன் மட்டும், எழுதுவது குறைவு. இந்த மாதிரி இழுவண்டிகளில் வேலை செய்து பழக்கம், அதனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் சுற்றுவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வாங்குகிறவருக்கு அது முக்கியமே இல்லை, எது வாங்கினாலும் திரும்பத்தான் போகிறது. அவருக்கு வேண்டியது, தாடை முளையைக் கவ்விப் பிடித்ததா இல்லையா என்பது.

எனக்கே ஒருமுறை நடந்தது. இழுவண்டியின் மூக்கைக் கொஞ்சம் உயரமாக வைத்துவிட்டுப் பின்னால் வந்தேன். முளை தாடைக்குள் இறங்காமல் அதன் தலை தாடைக்கு மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. கைப்பிடியைப் பார்த்தால் மூடியது போலத்தான் இருந்தது. இழுவண்டியைத் தாங்கி நின்ற முன்கால்களைத் தூக்கிவிட்டுப் பிக்கப்பைப் பத்தடி நகர்த்தினேன். மூக்கு சரிந்து தொட்டியின் இரண்டு விளிம்பிலும் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு விளக்கடித்து, இழுவண்டி மூக்கின் அடித்தட்டுக்கும் ஹிட்சின் தட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று குனிந்து பார்க்காமல் கிளம்புவதில்லை. கால்கள் தரையில் இருக்கும்போதே இழுவண்டிக்கு மட்டும் பிரேக் கொடுத்து, முன்னால் மெதுவாக இழுத்தும் பார்ப்பேன்.

இப்படிக் கவ்வாமல் கவ்வியது போல இருப்பதற்கு உங்கள் அகராதியில் பெயர் உண்டா? ஹிட்சுக்குப் பெயர் வைக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள். கிடைத்திகிரி என்று எழுதினால் அதைப் படிக்கிறவர் எங்கே கை வைப்பார்?

புதன் இரவு, பள்ளி ஆசிரியை

பட்டறை அண்ணா சொன்ன பிறகு எனக்குக் கொஞ்சம் தெளிவாகிறது. ஹிட்ச் என்ற வினைக்கு நம்மிடம் எப்போதோ சொல் இருக்கிறது, தேடவே வேண்டாம். மாட்டை வண்டியில் பூட்டினோம், ஏர் பூட்டினோம், வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட்டோம். பூட்டு, அவிழ் என்ற இரண்டு வினையும் கையேடு முழுக்க வேண்டியிருக்கும். ‘இணைப்பி’ என்றால் ‘இணைப்பை நீக்கு’ என்று இழுக்க வேண்டும். ‘அவிழ்’ என்றால் ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

குண்டில் மாட்டுவது குண்டுப்பூட்டு. தட்டில் மாட்டுவது தட்டுப்பூட்டு. அண்ணா பட்ட பாட்டுக்குப் பெயர் பொய்ப்பூட்டு.

வியாழன் காலை, தமிழாசிரியர்

பொய்ப்பூட்டு! இந்த இழையில் பிறந்த முதல் தமிழ்ச்சொல். ஆனால் ‘பூட்டுதட்டு’ என்று வைத்தால் இன்னும் சிறப்பு. பூட்டிய தட்டு, பூட்டுகின்ற தட்டு, பூட்டும் தட்டு என்று மூன்று காலமும் காட்டும் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல.

வியாழன் காலை, தனித்தமிழ் அன்பர்

‘பூட்டுத்தட்டு’ என்று வல்லினம் மிக வேண்டாமா?

வியாழன் காலை, தமிழாசிரியர்

வினைத்தொகையில் மிகாது. பூட்டு என்பதைப் பெயராகக் கொண்டு, பூட்டுக்கான தட்டு என்று விரித்தால் மிகும், வன்றொடர்க் குற்றியலுகரம். சுடுகாட்டைச் ‘சுடுக்காடு’ என்று எழுதுவீர்களா?

(இதற்கு மேல் இதே பொருளில் பதினோரு மடல்கள் வந்தன. நடுவில் இருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். கலைச்சொல் பக்கத்தில் போடும்போது அவற்றை விட்டுவிட்டேன். – தொகுப்பவர்)

வியாழன் மதியம், பொறியாளர்

மிகுமா மிகாதா என்பது இருக்கட்டும். தமிழில் தலைமைச்சொல் கடைசியில் வரும். பூட்டுதட்டு என்றால் அது ஒரு வகைத் தட்டு, தட்டுப்பூட்டு என்றால் ஒரு வகைப் பூட்டு. கடையில் வாங்குவது வெறும் தட்டு இல்லை. தட்டு, அதன் கீழே கால்கள், தொட்டியில் முடுக்கும் தண்டவாளங்கள், கைப்பிடி எல்லாம் சேர்ந்த தொகுதி. ஆகவே முழுப்பொருளுக்குத் தட்டுப்பூட்டு, மேலே இருக்கும் லாடத்துக்கு மட்டும் பூட்டுதட்டு. இரண்டு கட்சிக்கும் வேலை கிடைத்துவிட்டது.

வியாழன் மதியம், பட்டறை வைத்திருப்பவர்

ஒரு தடங்கல். நிறுத்தி வைத்த இழுவண்டியை யாரும் ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க முளையில் ஒரு பூட்டு போடுவோம், சாவியோடு. அப்போது ‘பூட்டை அவிழ்த்துவிட்டுப் பூட்டைப் பூட்டு’ என்று எழுதுவீர்களா?

வியாழன் மாலை, ஆசிரியை

அது சாவிப்பூட்டு, அண்ணா. பூட்டு என்றதும் சாவி ஞாபகம் வருவது மாட்டுவண்டி போன பிறகு வந்த பழக்கம். பழைய பொருளைக் கொஞ்சம் தட்டி எழுப்பினால் எழுந்துவிடும்.

வியாழன் மாலை, நிரலர்

எழாவிட்டால்? படிக்கிறவர் நெடுஞ்சாலையில் போகப் போகிறவர். அவரை வைத்து மொழியைத் தட்டி எழுப்ப வேண்டுமா?

வியாழன் இரவு, கேட்பவர்

எல்லாருக்கும் நன்றி, ஆனால் நாளை வெள்ளி. எனவே ஒரு பத்தியை அப்படியே இடுகிறேன். எந்தச் சொல் இதில் இடறாமல் ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்கிறேன்:

“தட்டுப்பூட்டில் 20,000 பவுண்டு என்று பொறித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பூட்டின் தாங்குதிறன், உங்கள் பிக்கப்பின் தாங்குதிறன் இல்லை. இழுவண்டி 12,000 பவுண்டு என்றால் ஏறத்தாழ அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2,400 பவுண்டு, முளைப்பளுவாகத் தொட்டியில் இறங்கும். தட்டுப்பூட்டின் சொந்த எடையையும் ஏறும் ஆட்களையும் அதனோடு கூட்டுங்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள சுமை அளவை அந்தத் தொகை தாண்டக் கூடாது. தொட்டி ஆறரை அடியோ அதற்கும் குறைவோ என்றால் நகரும் தட்டுப்பூட்டு வாங்குங்கள். ஒடித்துத் திரும்பும் முன் அது பின்னால் நகர்ந்து இடம் கொடுக்கும். இல்லாவிட்டால் இழுவண்டியின் மூலை உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் வந்து முட்டலாம்.”

தட்டுப்பூட்டு என்ற இடத்தில் கிடைத்திகிரி போட்டுப் படித்தேன், தேர்த்திருவிழா போல இருந்தது. பிஃப்த் வீல் ஹிட்ச் போட்டேன், ஓடுகிறது, ஆனால் ‘ஹிட்சிற்குள்’, ‘ஹிட்சின்மேல்’ என்று வேற்றுமை உருபு சேரும்போதெல்லாம் பல்லில் கல் கடிபடுகிறது.

வியாழன் இரவு, தமிழாசிரியர்

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை இந்தப் பத்திக்குத் தலைப்பாகப் போடலாம். முளைப்பளு நன்று. ‘முளைப்பாரம்’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், முளைப்பாரி எடுக்கக் கிளம்பிவிடுவார்கள்.

வெள்ளி காலை, தொகுப்பவர்

வாக்கெடுப்பு: தட்டுப்பூட்டு 6, பிஃப்த் வீல் 2, கிடைத்திகிரி 1. வாக்களிக்காதவர்கள் களைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளி காலை, தனித்தமிழ் அன்பர்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், சொல்லுக்கு இல்லை. என் மறுப்பைப் பதிவு செய்க. முதல் பத்தியிலேயே ‘பிக்கப்’ அப்படியே இருப்பதற்கும் தனியாக ஒரு மறுப்பு.

வெள்ளி இரவு, கேட்பவர்

அனுப்பிவிட்டேன். தலைப்பில் தட்டுப்பூட்டு, முதல் வரியில் மட்டும் ‘பிஃப்த் வீல் ஹிட்ச் என்று கடையில் கேட்கவும்’ என்று ஒரு குறிப்பு. தம்பியிடம் மறுபடி படிக்கக் கொடுத்தேன். ஸ்டெப்னி என்று சொல்லவில்லை. “முளை சரியாக உட்கார்ந்ததா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும், அதுதானே?” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “சாவி எங்கே வரும்?” என்றும் கேட்டான்.

39-ஆம் பக்கத்தில் கூஸ்நெக் ஹிட்ச் வருகிறது. அதிலும் மாட்டுவது குண்டில்தான், ஆனால் குண்டு தொட்டிக்குள் இருக்கிறது. ஆசிரியை அவர்களின் கணக்குப்படி அதுவும் குண்டுப்பூட்டு ஆகிவிடும். இப்போதைக்குக் கூஸ்நெக் என்றே விட்டுவிட்டேன்.

வெள்ளி இரவு, தமிழாசிரியர்

வாத்தா, அன்னமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். காலையில் விரிவாக எழுதுகிறேன்.