அப்பா வீட்டுக்கு வராத ராத்திரி எது? டிசம்பர் 31-ஆ, மார்ச் 31-ஆ?

ஹெட்கேஷியர் மகள்:

பேங்கில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு குடும்பச் சண்டையைத் தீர்த்து வையுங்கள்.

அப்பாவின் வருஷத் திவசம் ஆவணியில் வருகிறது. பேரப்பிள்ளைகளுக்காக அவரைப் பற்றி நாலைந்து பக்கம் எழுதி அச்சடித்துக் கொடுக்கலாம் என்று நானும் தம்பியும் உட்கார்ந்தோம். 1968-இல் மன்னார்குடியில் கிளார்க்காகச் சேர்ந்தார். மறு வருஷம் ஜூலையில் பேங்க் அரசுடைமை ஆனது. 2004-இல் அதே ஊரில் ஹெட் கேஷியராக ஓய்வு பெற்றார். ஆபீசர் பரீட்சை எழுதவே இல்லை. எழுதினால் எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள், பாட்டியை யார் பார்ப்பது என்பார். அவ்வளவு வரைக்கும் சண்டை இல்லை.

வருஷத்தில் ஒரு ராத்திரி அவர் வீட்டுக்கு வர மாட்டார். பேங்கிலேயே இருந்துவிடுவார். அது டிசம்பர் 31 என்கிறேன் நான். எனக்குச் சாட்சி மார்கழிக் கோலம். அம்மா வாசலில் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருக்கும்போது, சட்டையெல்லாம் மசியோடு, தூங்காத கண்ணோடு வருவார். கோலத்தை மிதிக்காமல் திண்ணை ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். இதை நான் எப்படி மறப்பேன்?

தம்பி மார்ச் 31 என்கிறான். அவனுக்குச் சாட்சி ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனித் திருவிழா. பதினெட்டு நாளும் அப்பாதான் கூட்டிப் போவார், அந்த ஒரு ராத்திரி மட்டும் மாமா தோளில் உட்கார்ந்து புறப்பாடு பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறான். அம்மா இருந்தால் கேட்கலாம். இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். யார் கைமாற்று கேட்டாலும் ஒன்றாம் தேதி வரச் சொல்வார், 'பத்தாம் தேதிக்குள்ள கொடுத்துடணும்' என்பார். எங்களுக்கு ஃபீஸ் கட்டவும் அப்படித்தான். மாசக் கடைசியில் கேட்டால் முகம் சுருங்கும். அது ஏன்?

அப்புறம் அம்மாவின் வீட்டுக் கணக்கு நோட்டு. அது உதைத்தால் முதலில் 'ஒன்பதால வகுத்துப் பாரு' என்பார். பழக்கமா, வேடிக்கையா தெரியவில்லை. அம்மா போன பிறகு அந்த நோட்டை அவரே எழுதினார். கடைசி மாசம் கை நடுங்கிய எழுத்தில் இருக்கிறது. ரொக்கம் 18 ரூபாய் உதைக்கிறது. அவர் வாழ்க்கையில் டேலி ஆகாத பக்கம் அது ஒன்றுதான் இருக்கும்.

பழைய லெட்ஜர்:

அம்மா, உங்கள் இரண்டு பேர் சொல்வதும் சரி. நீங்கள் எந்த வருஷம் பிறந்தீர்கள், தம்பி எந்த வருஷம்? எனக்குத் தெரியாது, ஆனால் பத்து வயதாவது வித்தியாசம் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

அப்போதெல்லாம் பேங்குகளுக்குக் கணக்கு வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. 1988 ஜனவரியில் தொடங்கிய கணக்கை மட்டும் அந்த டிசம்பரில் முடிக்கவில்லை. 15 மாதம் ஓடவிட்டு 1989 மார்ச் 31-இல் முடித்தார்கள். அன்றிலிருந்து ஏப்ரல்-மார்ச். உங்கள் அப்பா மார்கழியிலிருந்து பங்குனிக்கு மாறியது அப்படித்தான்.

அந்த ராத்திரி என்ன நடக்கும் என்று பேரப்பிள்ளைகளுக்கு எழுதுங்கள். கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும் கையால் வட்டி போட்டு லெட்ஜரில் ஏற்ற வேண்டும். எல்லா லெட்ஜரின் மொத்தத்தையும் கூட்டி ஜெனரல் லெட்ஜரோடு ஒப்பிட வேண்டும். பத்து பைசா உதைத்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. என் பையில் இருந்து பத்து பைசா போடுகிறேன், விடுங்கள் என்று புதிதாக வந்த ஒரு பையன் சொல்லி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். (அந்தப் பையன் நான்தான்.)

அரையாண்டுக் கணக்கும் உண்டு. முன்பு ஜூன் 30, பிறகு செப்டம்பர் 30. அந்த ராத்திரிகளை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள்!

ஹெட் கேஷியர் என்றால் இன்னொன்று. பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், ஒன்று அவரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஜாயின்ட் கஸ்டடி என்போம். காய்ச்சல் வந்தாலும் சாவியை முறையாக எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் படுக்க முடியும்.

கூட்டல்கழித்தல்:

ஒன்றாம் தேதி, பத்தாம் தேதி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் மாமனாரும் இதே கேஸ்.

2010 ஏப்ரல் 1-க்கு முன்னால் சேமிப்புக் கணக்கில் தினசரி இருப்புக்கு வட்டி கிடையாது. மாதம் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. இருபத்தைந்தாம் தேதி ஆயிரம் ரூபாய் எடுத்தால், அந்த ஆயிரத்துக்கு மாசம் முழுக்க வட்டி போச்சு. ஒன்றாம் தேதி எடுத்து ஒன்பதாம் தேதி திருப்பிப் போட்டால் ஒரு பைசா நஷ்டம் இல்லை. அப்பா எல்லோருக்கும் கைமாற்று கொடுத்திருக்கிறார், பேங்க் வட்டியையும் விடவில்லை. கெட்டிக்காரர்!

ஒன்பதால் வகுப்பதும் வேடிக்கை இல்லை. 85 என்று எழுத வேண்டிய இடத்தில் 58 என்று எழுதினால் வித்தியாசம் 27. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை எப்படி மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். அதனால் உதைக்கிற தொகை ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், விட்டுப்போன வரவு செலவைத் தேடுவதற்கு முன் எண் தலைகீழாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

உங்கள் 18-ஐ வகுத்துப் பார்த்தீர்களா?

திருவாரூர்க்காரி:

கணக்கு எனக்கு வராது. நானும் பேங்க்காரர் வீடுதான். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நகைக்கடன் கூட்டம் அலைமோதும், அந்த மாசம் அவரைப் பகலில் சாப்பிடக் கூப்பிடவே மாட்டேன். நெல் வந்ததும் அதே பெண்கள் நகையை மீட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தால் மட்டும் வீட்டுக்கு வந்து சொல்வார். உங்கள் அப்பா அப்படி எதுவும் சொன்னதில்லையா? அதையும் எழுதுங்கள்.

ஹெட்கேஷியர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. லெட்ஜர் சார், பந்தயம் நீங்கள் ஜெயித்தீர்கள். நான் 1971, தம்பி 1983. 1988 ஜூனில் நான் திருச்சி ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். மார்ச் ராத்திரி எனக்குத் தெரியாது, மார்கழி ராத்திரி அவனுக்குத் தெரியாது. ஜூன் 30 எனக்குக் கொஞ்சமும் ஞாபகம் இல்லை. பூசணிப்பூ இல்லாததாலோ என்னவோ.

திருவாரூர்க்காரி அக்கா, அப்பா யார் நகையைப் பற்றியும் வீட்டில் பேச மாட்டார். தெருவில் யாராவது வெறும் கழுத்தோடு போனால் அம்மா கேட்பாள், இவர் பேப்பரைத் தூக்கிக்கொள்வார். சாவி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அரைஞாணில் கட்டியிருப்பார். என் கல்யாணத்தன்று பந்தலில் நிற்கும்போதும் அடிக்கடி இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கு லீவு, சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

நேற்று தம்பி வந்தான். நோட்டை எடுத்தோம். 18, ஒன்பதால் வகுபடுகிறது. ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். அரைமணி நேரத்தில் அகப்பட்டது. மருந்துக்கடை பில் 264, நோட்டில் 246. பில்லையும் அவரே அந்தப் பக்கத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார்.

தப்பை அழிக்கக் கூடாது, ஒரே கோடாக அடித்து மேலே சரியான எண் எழுதி, பக்கத்தில் கையெழுத்துச் சுருக்கம் போட வேண்டும். அம்மாவைக்கூட அப்படிப் போட வைத்தவர். அதே மாதிரி அடித்துத் திருத்தி நான் போட்டேன். தம்பியையும் போடச் சொன்னேன். எதற்கு என்றான். ஜாயின்ட் கஸ்டடி என்றேன்.