ஆட்டுப்பால் சோப்பு: பாலைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கலாமா?

புதுக்கை:
முதன்முறையாக ஆட்டுப்பால் சோப்பு செய்தேன். ஆலிவ் எண்ணெய் 700 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம், காஸ்டிக் சோடா 142 கிராம், சூப்பர்ஃபேட் (சோப்பாகாமல் மிஞ்சவிடும் எண்ணெய்) 5%. திரவம் எண்ணெயின் எடையில் 38% என்றது சோப்புக் கணிப்பான். அந்த 380 கிராமையும் பாலாகவே எடுத்துக்கொண்டேன். உறையவைக்கவில்லை, குளிர்பதனப் பெட்டியில் இருந்த பால்தான். சோடாவை இரண்டே தவணையில் கொட்டியதும் பால் செங்கல் நிறமாகி, மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பியது. மூன்று நாளாகியும் கட்டியில் விரல் பதிகிறது. பால் கூடிவிட்டதா? பாலைத் தண்ணீராகவே எண்ணி அளக்க வேண்டுமா?

நுரைமனம்:
பாலைக் குறை சொல்லாதீர்கள், அந்த 38 விழுக்காட்டைச் சொல்லுங்கள். அது எண்ணெயைப் பார்த்துப் போடும் கணக்கு. திரவத்தின் வேலையோ சோடாவைக் கரைப்பது. 1000 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 174 கிராம் சோடா வேண்டும், அதே அளவு ஆலிவுக்கு 128 போதும். இரண்டுக்கும் 380 ஊற்றினால் ஒன்று 31% கரைசல் (சோடாவும் திரவமும் சேர்ந்த எடையில் சோடாவின் பங்கு), மற்றது 25%. உங்களுடையது 27. அதனால்தான் இளகிக் கிடக்கிறது.

இனி சோடாவிலிருந்து தொடங்குங்கள். சோடாவைப் போல் இரண்டு மடங்கு திரவம், அதாவது 284 கிராம், 33% கரைசல். அது பாலா தண்ணீரா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எடைக்கு எடை.

தராசுமுள்:
எடைக்கு எடை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஆட்டுப்பாலில் தண்ணீர் ஏறக்குறைய 87%தான். மீதி கொழுப்பு, புரதம், சர்க்கரை, உப்புகள். அவை சோடாவைக் கரைப்பதில்லை. 380 கிராம் பாலில் இருந்த தண்ணீர் 331 கிராம், ஆகவே நீங்கள் 27 என்றது உண்மையில் 30. நீங்கள் சொன்ன 284 கிராம் பாலில் இருப்பது 247 கிராம் தண்ணீர், கரைசல் 36.5%. வாயால் 33 என்று சொல்லிவிட்டுக் கையில் 36-ஐக் கொடுக்கிறீர்கள். உண்மையிலேயே 33 வேண்டுமென்றால் 284-ஐ 0.87-ஆல் வகுத்து 326 கிராம் பால் எடுக்க வேண்டும்.

நுரைமனம்:
எடுத்து என்ன கண்டீர்கள்? 36 வந்தால் சோப்பு கோபித்துக்கொள்ளுமா? நான் 40-லேயே ஊற்றுகிறேன். பால் சோப்புக்குத் தண்ணீர் குறைவதே நல்லது. தண்ணீர் குறைந்தால் ஜெல் நிலைக்கு (அச்சில் சூடேறிக் கூழ்போல் ஆகும் நிலை) போகக் கூடுதல் வெப்பம் தேவைப்படும், அதனால் கட்டி வெளிர் நிறத்திலேயே நிற்கும். நீங்கள் சேர்க்கச் சொல்லும் அந்த 42 கிராம் பால் கருகுவதற்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரையைக் கொண்டுவரும், வேறு ஒன்றும் தராது.

தராசுமுள்:
அப்படியானால் 30% கரைசல் ஏன் இளகிக் கிடக்க வேண்டும்? எண்ணெயைப் பாருங்கள். பத்தில் ஏழு பங்கு ஆலிவ். அது இறுக நாளாகும், மூன்றாம் நாளே தட்டிப் பார்ப்பது அவசரம். எல்லாப் பழியையும் திரவத்தின் மேல் போடாதீர்கள்.

ஆட்டுப்பாலில் 33-க்கும் 36-க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது சரி. ஆனால் உங்கள் விதி கீழ்வரம்பில் கவிழ்ந்துவிடும். சோடா கரைய அதன் எடைக்குச் சமமான தண்ணீராவது வேண்டும். ஒருவர் ‘எடைக்கு எடை’யை நம்பி 142 கிராம் சோடாவை 142 கிராம் பாலில் போட்டால், அதில் தண்ணீர் 123 கிராம்தான். சோடா முழுதும் கரையாது. அதோடு பால்கொழுப்பு சோடாவோடு சேர்ந்து அங்கேயே சோப்பாகத் தொடங்கி, திரவம் மஞ்சளாகத் திரண்டுவிடும். கரையாத மணிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வடிகட்டாமல் ஊற்றிய ஒரு கட்டியை அறுத்தபோது கடுகளவு வெள்ளைப் புள்ளியாகச் சோடாவைப் பார்த்திருக்கிறேன். குப்பைக்குத்தான் போனது.

நுரைமனம்:
முழுப் பாலில் கரைப்பவர்களுக்கு அந்த ஆபத்து உண்டு. நான் அப்படிக் கரைப்பதே இல்லை. 142 கிராம் தண்ணீரில் சோடாவைத் தூவிக் கரைத்து ஆறவைப்பேன் (சோடாதான் தண்ணீருக்குள் போக வேண்டும், தண்ணீர் சோடாவுக்குள் அல்ல, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள்). மீதி 142 கிராம் பால் எண்ணெயோடு கலந்து காத்திருக்கும். பால் கொதிகரைசலைப் பார்ப்பதே இல்லை, பிறகு எங்கே கருகுவது?

மாவுக்கட்சி:
இவ்வளவு சண்டை எதற்கு? 142 கிராம் பாலில் இருக்கும் திடப்பொருள் 18 கிராம் சொச்சம். அவ்வளவு பால்மாவை எண்ணெயில் போட்டுக் கட்டியில்லாமல் அடித்துவிட்டு, 284 கிராமையும் தண்ணீராகவே எடுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது.

நுரைமனம்:
கட்டியில்லாமல் அடித்தால்! இல்லையென்றால் சோப்பெல்லாம் பழுப்பு மச்சம்.

தராசுமுள்:
மாவைக் கேலி செய்யாதீர்கள், கணக்கில் அதுதான் நேர்மையானது. பாதிக்குப் பாதி முறையிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த 142 கிராம் தேங்காய்ப்பாலாக இருந்தால்? கெட்டிப்பாலில் கொழுப்பு 20% என்று வையுங்கள், 28 கிராம். நீங்கள் எழுதாத தேங்காய் எண்ணெய் அது. 5% என்று நினைத்த சூப்பர்ஃபேட் 8-ஐத் தாண்டிவிடும். ஆட்டுப்பாலிலோ 4% கொழுப்பு என்றால் 5 என்பது 5.5 ஆகும், அதை விட்டுவிடலாம்.

நுரைமனம்:
தேங்காய்ப்பாலில் நீங்கள் சொல்வது சரி. போன மாதம் ஒரு கட்டி நுரையே வராமல் வழுவழுவென்று கிடந்தது, காரணம் இப்போதுதான் விளங்குகிறது. சூப்பர்ஃபேட்டை 2 என்று குறைத்து வைத்தால் போதுமா?

தராசுமுள்:
ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வரும். ஆனால் பால் மாறினால் அந்த 2-உம் மாற வேண்டும். உறையில் எழுதியிருக்கும் கொழுப்பை கிராமாக்கி, தேங்காய் எண்ணெய் வரிசையில் சேர்த்துவிடுங்கள். சோடா 147 ஆகும். உறை பொய் சொல்லி, பாலில் கொழுப்பே இல்லாமல் போனாலும் சூப்பர்ஃபேட் ஒன்றரைக்குக் கீழே போகாது, கை எரியாது.

புதுக்கை:
பாதிக்குப் பாதி முறையில் அதே எண்ணெய்களோடு மீண்டும் செய்தேன். தண்ணீர் 142, ஆட்டுப்பால் 142. நெடி இல்லை. தந்தத்தின் நிறம். இரண்டாம் நாளே அச்சைவிட்டு வந்தது. பழைய செங்கல் கட்டியும் ஆறாம் நாளில் இறுகிவிட்டது, ஆகவே தராசுமுள் ஆலிவைப் பற்றிச் சொன்னதும் சரிதான். அந்த நிறம் மட்டும் போகவில்லை.

நுரைமனம்:
போகாது. அது கருகிய பால்சர்க்கரை. இரண்டையும் ஆறு வாரம் காற்றாட வையுங்கள்.

தராசுமுள்:
ஒரே ஒரு கேள்வி. பாலை எடை போட்டீர்களா, அளவுக் குவளையில் ஊற்றினீர்களா? பால் தண்ணீரைவிடக் கனமானது, 142 மில்லி என்றால் 146 கிராம்.

நுரைமனம்:
ஆரம்பித்துவிட்டார்.

புதுக்கை:
தராசில்தான் ஐயா. குவளையின் எடையைக் கழித்துவிட்டு.