‘பிங்க் மூன்’ கேட்டால் அழுதே தீர வேண்டுமா?

நள்ளிரவுச்செவி:
போன வாரம் இங்கே ஒருவர் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ ஆல்பத்தைப் பற்றி, "தூங்கப் போகும் முன் கேட்க இதமான இசை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இதமாம்! 1971 அக்டோபரில், லண்டனில், இரண்டே இரவுகளில் பதிவு செய்த 11 பாடல்கள். மொத்தம் 28 நிமிடம். ஒரு கிட்டார், ஒரு குரல், வேறு எதுவுமே கிடையாது. 26 வயதில் செத்துப்போனவன் எழுதி வைத்துவிட்டுப் போன விடைபெறும் கடிதம் அது. அதைக் கேட்டு ஒருவருக்குத் தூக்கம் வருகிறது என்றால் வைத்தியரைப் பார்க்க வேண்டியது அவர்தான்.

ஆறாம்தந்தி:
"வேறு எதுவுமே கிடையாது" என்று அடித்துச் சொல்வதற்கு முன் முதல் பாடலையாவது கடைசிவரை கேட்டீர்களா? தலைப்புப் பாடலின் நடுவில் பியானோ வருகிறது. வாசித்திருப்பதும் டிரேக்தான். இரண்டு நிமிடப் பாடலில் இதைக்கூடக் கவனிக்காத காதுதான் மற்றவர்களை வைத்தியரிடம் அனுப்புகிறது.

நள்ளிரவுச்செவி:
சில வினாடி பியானோ! 28 நிமிடத்தில் சில வினாடி! நான் சொன்னது ஆல்பத்தின் ஆன்மாவைப் பற்றி.

ஆறாம்தந்தி:
நீங்கள் எழுதியது "எதுவுமே கிடையாது". ஆன்மா பிறகு வந்து சேர்ந்தது.

அந்தச் சில வினாடி ஏன் முக்கியம் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். கிட்டாரும் குரலும் முதலில் பதிவாகின்றன. அதற்குப் பிறகு அதே ஆள் பியானோ முன் உட்கார்ந்து, பதிவானதைக் கேட்டபடியே அதன்மேல் ஒரு சிறு மெட்டை வைக்கிறார். அதாவது, பாடலில் ஓர் இடம் காலியாக இருப்பது அவர் காதில் பட்டிருக்கிறது, அதை எப்படி நிரப்புவது என்பதும் தெரிந்திருக்கிறது. மற்ற பத்துப் பாடல்களுக்கு அது தேவையில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. விடைபெறும் கடிதம் எழுதுகிறவர் இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். அந்தப் பாடலுக்குச் சுருதி கூட்டியிருக்கும் விதத்தையும் பாருங்கள். தடித்த தந்தியை வழக்கத்தைவிட இரண்டு முழுச் சுரம் கீழே இறக்கி, மற்ற தந்திகளையும் கலைத்துக் கட்டி, கிட்டாரின் கழுத்தில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை உயர்த்தும் கவ்வி) மாட்டி வாசிக்கிறார். வழக்கமான சுருதியில் வாசித்துப் பாருங்கள், அந்தப் பாடலே கிடைக்காது. நான் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சும்மாகேட்பவர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சோகம் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? மெட்டையா, வரிகளையா, குரலையா, அல்லது பாடியவருக்குப் பின்னால் நேர்ந்ததையா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

நள்ளிரவுச்செவி:
ஆமாம், இவர் கிட்டார் வாசிப்பார் என்பதை நினைவூட்டாமல் ஒரு விவாதமும் முடிவதில்லை. டிரேக் பதிவு செய்த டேப்பை ஐலண்டு இசைத்தட்டு நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். உலகத்தோடு பேச ஒன்றும் மிச்சமில்லாத மனிதன் செய்யும் காரியம் அது. இதற்குப் பியானோவை வைத்து என்ன பதில் சொல்வீர்கள்?

ஆறாம்தந்தி:
வரவேற்பு மேசைக் கதை வாய்க்கு வாய் மெருகேறி வந்தது. நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளரே அவரைப் பார்த்து, உள்ளே அழைத்து உட்காரவைத்ததைச் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவாளர் ஜான் வுட் இரண்டு இரவும் கூடவே இருந்தார். சரி, பியானோ இருக்கிறதா, இல்லையா?

இரண்டாம்பக்கம்:
ஒரு சிறு வேண்டுகோள். "செத்துப்போனவன்", "போய்விட்டான்" என்றெல்லாம் எழுத வேண்டுமா? "அவர்" என்றால் விரல் தேய்ந்துவிடுமா?

நள்ளிரவுச்செவி:
கம்பனை அவன் என்கிறோம், பாரதியை அவன் என்கிறோம். நெருக்கமானவர்களை அப்படித்தான் சொல்வோம். நெருங்காதவர்களுக்கு "அவர்".

இரண்டாம்பக்கம்:
பெட்டியில் ஒரு இசைத்தட்டு இருந்தால் நெருக்கமா? அந்த இசைத்தட்டின் கதையும் எனக்குத் தெரியும். என்னிடம் இரவல் வாங்கி, நான்கு மாதம் கழித்து, முதல் பக்கத்தில் ஒரு நீளக் கீறலோடு திரும்பி வந்ததல்லவா?

நள்ளிரவுச்செவி:
அந்தக் கீறல் முன்பே இருந்தது. எத்தனை முறை சொல்வது?

இன்னொன்று. நீங்கள் இந்த ஆல்பத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 1999-ல் வந்த கார் விளம்பரத்தைப் பார்த்து. நிலவொளியில் நான்கு பேர் கூரை திறந்த காரில் போவார்கள், பின்னணியில் தலைப்புப் பாடல். காரோடு சேர்த்து வாங்கிய சோகம். நீங்கள் எனக்கு நெருக்கத்தைப் பற்றிச் சொல்லித் தருகிறீர்கள்!

இரண்டாம்பக்கம்:
ஆமாம், விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்தேன். வெட்கமெல்லாம் இல்லை. 1972-ல் ஆல்பம் வெளிவந்தபோது வாங்க ஆளில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் மூன்று ஆல்பங்களில் ஒன்றுகூட 5,000 பிரதி விற்கவில்லை என்பார்கள். அந்த விளம்பரத்துக்குப் பிறகுதான் விற்பனை எகிறியது. 1972-லேயே வரிசையில் நின்று வாங்கியது போலப் பேச வேண்டாம்.

ஆறாம்தந்தி:
விளம்பரத்தில் வந்தது எந்தப் பாடல்? பியானோ வரும் அதே பாடல். குறித்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுச்செவி:
பிடித்த முயலுக்கு மூன்றே கால்! ஐயா, உங்கள் காதின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போமா? டிரேக்கின் முந்தைய ஆல்பமான ‘பிரைட்டர் லேட்டர்’ பற்றிய விவாதத்தில், ‘நார்தர்ன் ஸ்கை’ பாடலில் செலஸ்டா (மணியொலி தரும், பியானோ போன்ற கருவி) வாசித்தது டிரேக்கேதான் என்று மூன்று நாள் கரடியாகக் கத்தினீர்கள். வாசித்தது ஜான் கேல் என்ற இசைக்கலைஞர் என்று ஆல்பத்தின் உறையைக் காட்டியதும் ஆளைக் காணோம்.

ஆறாம்தந்தி:
காணாமல் போகவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. செலஸ்டாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதம், கடிதம் என்கிறீர்கள். பதிவு நடந்தது 1971 அக்டோபர். அவர் இறந்தது 1974 நவம்பர் 25. இடையில் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அது மட்டுமா, 1974-ல் மறுபடியும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதிய பாடல்களைப் பதிவு செய்தார். விடைபெற்றவர் எதற்குத் திரும்பி வந்து அடுத்த ஆல்பத்துக்குப் பாட வேண்டும்? மனச்சோர்வில் இருந்தார், உடல்நலமும் மனநலமும் கெட்டிருந்தன, யார் மறுத்தார்கள்? ஆனால் முடிவைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கேட்கிறீர்கள். கடைசிப் பாடலைக் கேளுங்கள். அது விடியலைப் பற்றியது. அதிலிருந்து எடுத்த வரியைத்தான் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற இங்கிலாந்துக் கிராமத்தில் அவருடைய கல்லறைக் கல்லின் பின்புறத்தில் செதுக்கியிருக்கிறார்கள். 28 நிமிடத்தை இருட்டில் தொடங்கி எங்கே கொண்டுபோய் விடுகிறார் என்று பாருங்கள். அந்தப் பியானோவும் அப்படித்தான், நடுவில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு மூடுகிறது.

நள்ளிரவுச்செவி:
கல்லறைக் கல்லைக் காட்டி ஆல்பம் சோகமில்லை என்று நிரூபிக்கும் முதல் ஆள் நீங்கள்தான்.

சும்மாகேட்பவர்:
நான் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஊசிமுனை:
கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் பியானோ எங்கே கேட்கும்? நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள். விரல் தந்தியில் வழுக்கும் சத்தம்கூடத் தனியாகக் கேட்கும்.

நள்ளிரவுச்செவி:
என்னிடம் இருக்கும் ஹெட்ஃபோனின் விலையைச் சொன்னால் நீங்கள் பேச மாட்டீர்கள்.

ஊசிமுனை:
விலையைக் காதில் மாட்டிக்கொள்ள முடியாது, தம்பி.

நள்ளிரவுச்செவி:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். உங்களைவிட மூத்தவனாகத்தான் இருப்பேன்.

இரண்டாம்பக்கம்:
இவருக்கு மட்டும் மரியாதை வேண்டுமாம்.

இருக்கட்டும், "இதமான இசை" என்று போன வாரம் எழுதியது நான்தான். பெயரைச் சொல்லாமல் "ஒருவர்" என்று எழுதியதால் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். இன்றும் அதையே சொல்கிறேன். எனக்கு இதமாகத்தான் இருக்கிறது. நேற்றும் கேட்டேன், ஏழாவது பாடலோடு தூங்கிப்போனேன்.

ஆறாம்தந்தி:
தூங்கியதும் தவறுதான், அம்மா. கடைசிப் பாடலைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

இரண்டாம்பக்கம்:
நான் உங்கள் கட்சியில்தானே இருக்கிறேன்! என்னிடம் ஏன் பாய்கிறீர்கள்?

ஆறாம்தந்தி:
எனக்குக் கட்சி கிடையாது. பியானோ இருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான். நேற்று மாலையிலிருந்து ஆறு முறை சொல்லிவிட்டேன், ஒருவர்கூட "ஆமாம், இருக்கிறது" என்று எழுதவில்லை.

நள்ளிரவுச்செவி:
இப்போதுதான் மறுபடியும் கேட்டேன், விளக்கை அணைத்துவிட்டு. நீங்கள் சொன்ன இடத்தில் ஏதோ ஒலிக்கிறது. அதற்காக நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை.

ஆறாம்தந்தி:
ஏதோ இல்லை. பியானோ.